நடைக்கூடத்தில் பிறந்த துப்பாக்கிச் சங்கம்

உலகத்தில் சங்கங்கள் பலவிதமாகப் பிறக்கின்றன. நாலு பேருக்கு ஒரே ஆசை இருந்தால் ஒரு சங்கம் பிறக்கும். அந்த நாலு பேருக்குள் சண்டை வந்தால் இரண்டு சங்கம் பிறக்கும். எங்கள் தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சங்கம் ஒரு நடைக்கூடத்தில் பிறந்தது. நடைக்கூடம் என்றால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மழையில் நனையாமல் போவதற்காகக் கட்டுகிற நீளமான வழி. சங்கத்தின் சிறப்பு மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மலரில் தலைவரின் படங்கள் போக மிச்சம் அரைப் பக்கம்தான் இருக்கிறதாம். அந்த அரைப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த வரலாற்றின் நாயகர் என் சகலை. அவர் மனைவியும் என் மனைவியும் கூடப் பிறந்தவர்கள். அவர் கட்டடத் துறையில் இன்ஜினியர், நான் அதே துறையில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

தலைமை அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு புது அலுவலகம் கட்டுவதென்றும், இரண்டையும் ஒரு நடைக்கூடத்தால் இணைப்பதென்றும் மேலிடத்தில் முடிவாயிற்று. இரண்டு வேலைக்கும் தனித்தனி அனுமதி. நடைக்கூடத்தின் அனுமதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. வந்த அனுமதியைச் சும்மா வைத்திருந்தால் அது காலாவதியாகிவிடும் அல்லவா? சகலை சுறுசுறுப்பானவர். உடனே கட்டி முடித்துவிட்டார். புது அலுவலகத்தின் அனுமதி இன்றுவரை வரவில்லை.

கட்டியதையாவது நேராகக் கட்டியிருக்கலாம். வழியில் அமைச்சரின் கார் நிற்கிற கொட்டகை இருந்தது. அமைச்சர்கள் மாறுவார்கள், கொட்டகையில் கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. அதனால் நடைக்கூடம் பாதி தூரம் நேராகப் போய், கொட்டகையைக் கண்டதும் மரியாதையாக இடது பக்கம் திரும்பி, இன்னும் பாதி தூரம் போய், எங்கேயும் சேராமல் ஒரு சுவரில் முடிந்தது. உள்ளே விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு, “இங்கே துப்பாதீர்கள்” என்ற பலகைகூட உண்டு. நடக்கத்தான் ஆள் கிடையாது.

சகலை ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருக்கும்போது தணிக்கை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். மெதுவாகப் பேசுவார். கத்துகிற அதிகாரியை ஒரு காபியில் சமாளித்துவிடலாம். மெதுவாகப் பேசுகிறவரிடம் மாட்டினால் பென்ஷன் போய்விடும் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

“இது என்ன?” என்று கேட்டார்.

“காரிடார் சார்.”

“எங்க போகுது?”

“போகும் சார்.”

“எங்க?”

சகலை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவருடைய மருமகள் கூடத்தில் உட்கார்ந்து தன் ஏர் ரைஃபிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சிதான் நெருக்கடியில் அவர் கண் முன்னால் வந்தது.

“காரிடார்னு பேச்சுக்குச் சொல்றது சார். இது துப்பாக்கி சுடற இடம். விளையாட்டுக்கு.”

“யார் சுடறாங்க?”

“தேசியச் சங்கம் சார்.”

“அப்படி ஒண்ணு இருக்கா?”

“இல்லாமயா இவ்வளவு நீளத்துக்குக் கட்டுவோம்?”

தணிக்கை அதிகாரி அந்த நீளத்தை ஒருமுறை பார்த்தார். “சரி, அடுத்த தடவை வரப்போ சங்கத்தைக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சகலை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். கல்லூரியில் மாணவர் படையில் இருந்தபோது துப்பாக்கியைத் தொட்டவள், பிறகு கீழே வைக்கவே இல்லை. கல்யாணமாகி வந்தபோது அவள் கையில் ஒரு நீளப் பெட்டி இருந்தது. ஏதோ வாத்தியம், சாயங்காலத்தில் வாசிப்பாள் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து என் மைத்துனி, அதாவது சகலையின் மனைவி, மருமகளிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. மாமியார்களுக்கு நல்லபுத்தி வர இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மொட்டை மாடியில் அவள் பழகிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் புகார் செய்து அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் மாமனாரே ஒரு சுடுகூடம் அறிவித்தால் அவள் என்ன செய்வாள்? குதித்தாள்.

“மாமா, நிஜமாவா? எனக்குச் சுட ஒரு இடமா?”

“மெதுவாப் பேசும்மா. இப்போதைக்கு அது பேச்சளவுலதான்.”

“பேச்சளவு எதுக்கு மாமா? பத்து மீட்டர் நேரா இருந்தாப் போதும். ஏர் ரைஃபிள் போட்டி உலகம் பூராவும் பத்து மீட்டர்தான். அந்தத் திருப்பத்துக்கு முன்னாடியே அதுக்கு மேல இடம் இருக்கே!”

மறுநாளே போய்த் திருப்பத்துக்கு முன்னால் சுவரோரமாக அட்டையை நிறுத்திச் சுட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். மூச்சை நிறுத்தினாள். அப்புறம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அட்டையின் நடுவில் ஒரு ஓட்டை. அடுத்த குண்டும் அதே ஓட்டையில் போயிற்று. எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் கை தட்டினேன்.

“சித்தப்பா, எனக்கு ஒரே ஒரு ஆசைதான்” என்றாள். “பெரிய போட்டியில நிஜமான வரிசையில நின்னு சுடணும். ஜெயிக்கறது தோக்கறது அப்புறம். தினமும் நான் ஊரார் கண்ணைப் பார்த்துட்டு இருக்கேன். ஒவ்வொரு வருஷமும் அது எப்படி மங்கிப் போகுதுன்னு எனக்குத் தெரியும். என் கண்ணு நல்லா இருக்கறப்பவே போயிடணும்.”

“போலாமேம்மா. அதுக்கு என்ன?”

“தேசியச் சங்கம் அனுப்பணும்.”

அந்தச் சங்கத்தைப் பிறப்பிக்கிற வேலையில் சகலை அப்போது தலைவரைப் பார்க்கப் போயிருந்தார். தலைவர் என்பது அவருடைய பட்டப்பெயரா பதவியா என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுரங்கச் சங்கத்துக்குத் தலைவர், தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர், நீச்சல் சங்கத்துக்கும் தலைவர். இதில் கடைசிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் குளத்துக்குள் தவறி விழுந்து, உப தலைவர்களும் நீந்தத் தெரியாதவர்களாக இருந்ததால், பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் இழுத்துக் கரையில் போட்டார்.

“துப்பாக்கியா?” என்று யோசித்தார் தலைவர். “எனக்குச் சத்தம்னா ஆகாதே.”

“சத்தம் அதிகம் இருக்காது சார். வெளிநாட்டுல மாநாடெல்லாம் நடக்கும்” என்றார் சகலை.

“அப்ப நாட்டுக்காக ஒத்துக்கறேன்.”

அப்படித்தான் சங்கம் உதயமாயிற்று. முதல் கூட்டத்தில் தலைவர், அவருக்குக் கீழே உப தலைவர்கள், செயலாளராகச் சகலை, இணைச் செயலாளர்கள், துணைச் செயலாளர்கள், அழைப்பாளர்கள், சிறப்பு அழைப்பாளர்கள் எல்லாரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சுடுகிறவர் என்று யாராவது வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பிரிவு பின்னர் பரிசீலிக்கப்படும் என்று தீர்மானம் ஆயிற்று. உறவுக்காரன் என்ற முறையில் எனக்கும் வரலாற்றாசிரியர் பதவி கிடைத்தது.

தணிக்கை அதிகாரி இரண்டாம் முறை வந்தபோது மருமகள் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் சங்கத்தின் பெயர்ப்பலகை, உள்ளே அட்டையில் ஓட்டை, தலைவர் தூரத்தில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். சகலைக்குப் பெருமை தாங்கவில்லை.

தணிக்கை அதிகாரி அட்டையைப் பார்த்தார். சுடுகிற இடத்தைப் பார்த்தார். அப்புறம் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போய், காலியாகக் கிடந்த மீதி நடைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இந்தத் தூரம் போதுமா சுட?”

“தாராளமாப் போதும் சார்!” என்றாள் மருமகள்.

“அப்ப அந்தப் பக்கம் இருக்கறது எதுக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

சகலையின் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவர் சாதாரண ஆளா? “குறிப்பலகை நிஜத்துல அந்தக் கடைசிச் சுவர்லதான் சார் இருக்கணும். இந்தப் பொண்ணு சும்மா பழகிட்டு இருக்கு. கத்துக்குட்டி” என்றார்.

தணிக்கை அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். மருமகள் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

அன்றே விதி பிறந்தது: “குறிப்பலகையானது கட்டடத்தின் இறுதிச் சுவரிலேயே நிறுவப்பட வேண்டும். அதற்கு முன்னதாக எந்த இடத்திலும் எதுவும் குறியாகக் கருதப்படலாகாது.”

“மாமா, இங்க நின்னா அது கண்ணுக்கே தெரியாதே. குண்டு எப்படித் திரும்பும்?”

“குண்டு திரும்பணும்னு யாரும்மா சொன்னா? நாம அந்தத் திசையில சுடறோம். அவ்வளவுதான்.”

“சுவர்லதானே படும்?”

“படட்டும். இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்கோ. நான் பென்ஷன் வாங்கி வெளிய வந்துடறேன். அப்புறம் நீ எங்க வேணா சுடு.”

அவள் பொறுத்தாள். மாமனாரின் வயிற்றில் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் ஓய்வும் பெற்றார். ஆனால் அதற்குள் விதி அவரை விடப் பெரிய ஆளாகியிருந்தது.

விதிக்கு ஒரு குழு அமைத்தார்கள். குறியைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து சுடும்போது புள்ளி எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்து அந்தக் குழு ஒரு அறிக்கை தந்தது. அதன்படி நிற்கிற தோரணைக்கு இவ்வளவு, அங்கிக்கு இவ்வளவு, முகத்தின் உறுதிக்கு இவ்வளவு, மீதியெல்லாம் நோக்கத்துக்கு. சுடுகிறவருடைய மனதில் குறியைத் தாக்கும் எண்ணம் எந்த அளவுக்கு இருந்தது என்பதை நடுவர்கள் அவருடைய கண்ணைப் பார்த்து அறிவார்கள். கடைசிச் சுவரில் குறிப்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு நடுவர்கள் உட்கார்ந்தார்கள். பலகையில் ஒன்றும் படவில்லை என்று உறுதி செய்வது அவர்கள் வேலை. அதை அவர்கள் அப்பழுக்கில்லாத நேர்மையோடு செய்தார்கள்.

சங்கம் கிடுகிடுவென்று வளர்ந்தது. கிளைகள் முளைத்தன. சின்னம் வரைய வந்த ஓவியர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குழாய் வளைந்த ஒரு துப்பாக்கியை வரைந்து கொடுத்தார். கிண்டலாக வரைந்தாரோ என்னவோ, தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “இதுல ஒரு பணிவு இருக்கு” என்றார்.

ஊரில் நாகரிகமும் சேர்ந்து மாறியது. சுடுகிறவர்கள் போடுகிற தடித்த தோல் அங்கியைக் காய்கறி வாங்கப் போகிறவர்களும் போட ஆரம்பித்தார்கள். வெயிலில் வெந்துபோனாலும் கழற்றமாட்டார்கள். படம் எடுத்துக்கொள்ளும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வது கௌரவமாயிற்று. பொண்ணு பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளை கடைசிவரை ஒரு கண்ணைத் திறக்கவே இல்லை. பார்வையில் குறையோ என்று கேட்ட பெண் வீட்டாரை, நாகரிகம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்களாம். அமைச்சரும் ஒற்றைக் கண்ணோடு மேடையில் பேசினார். ஒரு கண்ணால் பார்த்தே நிர்வாகம் நடத்தலாம் என்றால் எங்கள் அலுவலகத்தில் பலர் இரண்டையும் மூடி நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் பெரிய போட்டி அறிவித்தார்கள். மருமகள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“சித்தப்பா, தேர்வுப் போட்டி வைக்கறாங்க. நீங்க சங்கத்துல பதவியில இருக்கீங்க. திருப்பத்துக்கு முன்னாடி ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு அட்டை. யார் சுடறாங்க, யார் சுடலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“அதாம்மா அவங்களுக்குப் பயமே” என்றேன். சொன்னதோடு சரி. கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. வரலாற்றாசிரியர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு நடந்தது. தலைவரின் மாப்பிள்ளை முதலில் வந்தார். அங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது. அவர் சுட்ட குண்டுகள் திருப்பத்துச் சுவர் முழுவதும், மேலே மின்விசிறியிலும்கூட, பரவலாகப் பட்டன. “வளர்ச்சி ஒரே இடத்தில் குவியாமல் எல்லாப் பகுதிக்கும் சென்று சேர்ந்துள்ளது” என்று நடுவர்கள் பாராட்டி எழுதினார்கள்.

மருமகள் சுவரில் ஒரு சின்னக் கறையைக் குறியாக வைத்துக்கொண்டு எல்லாக் குண்டையும் அதிலேயே இறக்கினாள். சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது.

“ஒரே இடத்துல திரும்பத் திரும்பச் சுடறது பிடிவாத குணத்தைக் காட்டுது” என்றார் ஒரு நடுவர்.

“அரசாங்கச் சுவருக்கும் சேதம்” என்றார் இன்னொருவர்.

அவள் கடைசி இடத்துக்கு வந்தாள். அழவில்லை. துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள். சகலை தரையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஆனால் அவளும் வெளிநாடு போனாள். எப்படி என்றால், தூதுக்குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று வெளிநாட்டார் எழுதியிருந்தார்கள். தலைவரின் மனைவிக்கு விமானத்தில் தலை சுற்றும். வேறு யாரும் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. தலைவர், உப தலைவர்கள், செயலாளர்கள், அவர்களுடைய மைத்துனர்கள், வரலாற்றாசிரியராகிய நான், எல்லாருக்கும் கடைசியில் “பெண் ஒருவர்” என்று அவள் பெயரைச் சேர்த்தார்கள். அவள் தன் நீளப் பெட்டியோடு வந்து விமானத்தில் ஏறினாள்.

அங்கே போய்ச் சுடுகூடத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை நின்றுவிட்டார். நேரான, வெளிச்சமான கூடம். எதிரே வரிசையாகக் குறிப்பலகைகள், ஒவ்வொன்றும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

“மாமா, இதெல்லாம் தெரியுதே!” என்று தலைவரின் காதைக் கடித்தார்.

“என்ன தெரியுது?”

“குறி தெரியுது. நான் சுட்டா எங்க பட்டுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

தலைவர் பதறவில்லை. உடனே ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்: “குறியானது அனைவருக்கும் புலப்படும் வண்ணம் வைக்கப்பட்டுள்ளமையால், நோக்கத்தின் தூய்மையைச் சோதிக்க இயலாமற்போகிறது. இது எமது நாட்டின் உயரிய மரபுக்கு முரணானது.” வெளிநாட்டார் அதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, மீண்டும் மொழிபெயர்த்துப் படித்தார்கள். மாப்பிள்ளை போட்டியிலிருந்து கம்பீரமாக விலகினார். வெற்றிகரமான வெளிநடப்பைக் கொண்டாடத் தூதுக்குழு மொத்தமும் கடைவீதிக்குப் போயிற்று. நானும் போனேன். எனக்கு ஒரு சக்கரம் வைத்த பெட்டி வேண்டியிருந்தது.

பெண்களுக்குத் தனிப் போட்டி உண்டு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தூதுக்குழுவில் இருந்த பெண் சுடுவதற்குத்தான் வந்திருப்பாள் என்று அப்பாவி வெளிநாட்டார் நினைத்து, அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நிஜமான வரிசையில் நின்று, பத்து மீட்டர் தூரத்தில் நேராக இருந்த குறியை நேராகச் சுட்டுத் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டாள். விடுதிக்குத் திரும்பி வந்தால், வரவேற்பறையில் கழுத்தில் பதக்கத்தோடு தனியாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

“சித்தப்பா! குறி தெரிஞ்சுது சித்தப்பா!” என்றாள். கண்ணில் தண்ணீர். கையில் இருந்த பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பினோம். பதக்கத்தைத் தலைவர் கழுத்தில் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கினார். வரவேற்புக் கூட்டத்தில் அமைச்சர் பேசினார், தலைவர் பேசினார், மாப்பிள்ளைகூட நன்றி சொன்னார். கடைசியில் மருமகளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். நான் அந்த வளைவுல பழகி ஜெயிக்கல. நேராச் சுட்டேன். குறி கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதனால பட்டுது. நம்ம ஊர்லயும் திருப்பத்துக்கு முன்னாடி ஒரு அட்டை வெச்சாப் போதும். என்னை மாதிரி நிறையப் பேர் வருவாங்க.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் மைக்கை வாங்கினார்.

“பார்த்தீங்களா அடக்கத்தை! வளைவுலயே பழகின பொண்ணுக்கு நேர்க்கோடு எவ்வளவு சுலபமா இருந்திருக்குன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. வளைவு இருந்ததாலதானே இந்தத் தங்கம்?”

மீண்டும் கைதட்டல். உண்மையைச் சொல்கிறேன், கேட்கும்போது எனக்கும் அது சரி என்றே பட்டது. அவள் மட்டும் மைக் இல்லாமல் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊருக்கு ஊர் வளைந்த நடைக்கூடம் கட்ட உத்தரவு வந்தது. நேராக இருந்த பழைய கட்டடங்களில் இடையில் சுவர் வைத்துத் திருப்பம் உண்டாக்கினார்கள். தணிக்கை அதிகாரி தம் பழைய ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொண்டு, தம் மகனைப் பயிற்சியில் சேர்த்தார். ஓய்விலிருந்த சகலையைக் கூப்பிட்டுத் திட்ட ஆலோசகராக்கி, கார் கொடுத்தார்கள். காருக்கு ஒரு கொட்டகையும் கட்டினார்கள். அரசு ஊழியர் யாராக இருந்தாலும், பதவி உயர்வுக்கு வளைவுச் சுடுதலில் சான்றிதழ் வேண்டும் என்றும் ஆயிற்று.

முதல் நடைக்கூடத்தில் திருப்பத்துக்கு முன்னால், அவள் அட்டை வைத்துப் பழகிய இடத்தில், ஒரு கண்ணாடிப் பேழை வைத்தார்கள். அதற்குள் அவளுடைய துப்பாக்கி. தேசியச் சொத்து, தொடக்கூடாது.

அவள் சகலையிடம் வந்து நின்றபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

“மாமா, அடுத்த போட்டி வருது. என் துப்பாக்கியைத் தரச் சொல்லுங்க.”

“இப்ப அது உன்னோடது இல்லம்மா. நாட்டோடது.”

“நான் எதை வெச்சு சுடறது?”

“நீ எதுக்கு இனிமே சுடணும்? அதான் தங்கம் வாங்கிட்டியே! உன் பேருக்கே ஒரு மரியாதை இருக்கு. போய்ச் சுட்டு, ஒருவேளை தோத்துட்டா? திட்டமே ஆடிப் போயிடும்.”

“உங்க பென்ஷனுக்காக நான் வாயை மூடிட்டு இருந்தேன், மாமா.”

சகலை கெட்டவர் அல்ல. அன்று அவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். மறுநாள் தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தி அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார்: தேசியத் தலைமைப் பயிற்சியாளர். சுடுவதற்கு அனுமதி கிடையாது, பிறர் சுடும்போது தோளைச் சரிசெய்யலாம். துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்க வேறு வழி இல்லாததால் அவள் ஒப்புக்கொண்டாள்.

போன வாரம் என் பதவி உயர்வுக்கான முறை வந்தது. தோல் அங்கி மாட்டிக்கொண்டு போனேன். வரிசை தெருமுனைவரை நின்றது. வேர்த்து ஊற்றியது, ஒருவரும் அங்கியைக் கழற்றவில்லை. என் முறை வந்தபோது மருமகள்தான் அங்கே நின்றாள். பழக்கமான சித்தப்பா என்று சிரிக்கவில்லை. சங்கத்தின் பொதுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

எதிரே திருப்பத்துச் சுவர் சல்லடையாக இருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“ஏம்மா, குறிப்பலகை அந்தப் பக்கம் எந்த உயரத்துல இருக்கு? அந்தத் திசையிலயாவது மனசை வைக்கறேன்.”

“பலகை இல்ல சித்தப்பா.”

“இல்லன்னா?”

“ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளையடிக்க எடுத்தாங்க. திரும்ப மாட்டல. நடுவருங்களும் நாற்காலியை வெளிய காத்தாடப் போட்டுக்கிட்டாங்க. மாட்டச் சொல்லி நான் மூணு தடவை எழுதிட்டேன். இவ்வளவு ஆயிரம் பேர் வந்து சுட்டுட்டுப் போயிட்டாங்க. பலகை எங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வெகுநாள் கழித்து அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். நான் அடுத்து ஏதோ கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

“அப்ப என் மார்க்குக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டேன்.

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “ஆகாது” என்றாள். “நூத்துக்கு நூறு. சுடுங்க.”

சுட்டேன்.